ரூபி நியுன் பாடிய பெயர்கள்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பக்கத்து வீட்டு ஹமீதுன்னிசா மாமியின் ரேடியோவைச் சரிசெய்தது. முள் நகரவில்லை என்று கொண்டுவந்திருந்தார். டயல் கயிறு அறுந்திருந்தது. அப்பா தூண்டில் நைலானைச் சக்கரங்களில் சுற்றிக் கட்டினார். பிறகு நிலையம் சரியான எண்ணில் நிற்பதற்காக உள்ளே ஒரு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் தெளிந்ததும் அவர் தோளில் தட்ட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. தட்டினேன்.

"கொஞ்சம் தாண்டிட்டியே ரோசு" என்றார்.

தாண்டவில்லை. ஆனாலும் அவர் திருகைப் பின்னால் கொண்டுபோனார். மறுபடி அதே இடத்துக்கு வந்தபோது மறுபடி தட்டினேன். அவருக்குத் திருப்தியானது. மாமிக்கு ரேடியோவை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது செவ்வாய்க்கிழமை.

அப்பாவுக்கு அப்போது இடது காது கேட்காது. வலது காதில் கத்தினால் கொஞ்சம் கேட்கும். வாழ்நாள் முழுவதும் மைக் செட் வைத்துப் பிழைத்தவர்.

அவர் பெயர் சூசைராஜ். ரங்கூனில், போட்டாதாங்கில், ஸ்ட்ராண்ட் சாலைக்கு ஒரு தெரு உள்ளே எங்கள் வீடு. கீழே கடை, மேலே நாங்கள். மிஷன் பள்ளியில் படித்தவர். அவருடைய அப்பாவைப் போலக் குமாஸ்தா ஆகியிருக்க வேண்டும். உலகச் சண்டை முடிந்து ஆங்கிலேயப் பட்டாளம் விட்டுப்போன ஆம்பிளிஃபயர் ஒன்றை வாங்கினார். அதிலிருந்து வேறு வேலைக்குப் போகவில்லை. கல்யாணம், கோயில் திருவிழா, புத்த விகாரையில் அன்னதானம், நாடகம் என எல்லாவற்றுக்கும் அவர்தான் குழாய் ஸ்பீக்கர் கட்டினார். மின்சாரத்தை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பிறகு நான் அதையே படித்து டெலிபோன் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தேன்.

ரூபி நியுனை அவர் சந்தித்ததும் மைக் வழியாகத்தான். சூலே பகோடா பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் அவள் பாடுவாள். பர்மியப் பாட்டுதான், மேல்நாட்டு வாத்தியங்களோடு. தாய் வெள்ளைக்காரக் கலப்புச் சட்டைக்காரி என்று சிலரும், மாந்தளேக்காரி என்று சிலரும் சொல்வார்கள். இரண்டு முறை கல்யாணம் செய்து இரண்டு முறையும் விட்டவள். பத்திரிகைகள் அவளை ஏசும். ஏசிய மறுநாள் இன்னும் அதிக ஜிகினா வைத்த பர்மிய ரவிக்கையோடு மேடையில் நிற்பாள். அவளுக்கு மைக் உயரம் சரிசெய்வது அப்பாவின் வேலை.

அந்தத் தியேட்டரின் மாடி வரிசை மலிவு. அங்கே ஒரு கூட்டம் வழக்கமாக உட்காரும். எல்லாரும் ஆண்கள். ஆற்றுக்கு அக்கரையில் டாலாவுக்குப் படகு ஓட்டுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், தபால் குமாஸ்தா, துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவர். ரூபி கையை விசிறுவதுபோல இவர்களும் விசிறுவார்கள். கீழே இருக்கிறவர்கள் திரும்பிப் பார்த்து, பெண் நடை நடக்கும் ஆண்களுக்குப் பர்மியர் சொல்லும் கெட்ட வார்த்தையைச் சொல்வார்கள். ஒருநாள் அப்படி ஒருவன் சொன்னது மேடைவரை கேட்டுவிட்டது. ரூபி பாட்டை நிறுத்தினாள். மாடியைப் பார்த்துக் கும்பிட்டு, "என் தங்கச்சிகளா, சாப்பிட்டீங்களா?" என்று மைக்கிலேயே கேட்டாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சியிலும் அவர்களைத் தங்கச்சிகள் என்றே கூப்பிட்டாள். ரங்கூனில் அவர்களை வேறு யாரும் உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மூட்டை எண்ணுகிறவர் பெயர் அவுங் ஷெய்ன். வெளியே கோ ஷெய்ன். கூட்டத்துக்குள் மா ஷெய்ன். ஆண்கள் பெயருக்கு முன்னால் கோ, பெண்கள் பெயருக்கு முன்னால்தான் மா போடுவார்கள். துறைமுகத்துத் தமிழர்களோடு வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். அவர் என் அப்பாவுக்கு யார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்கும் தெரியும். அறுபத்து நான்கில், பெரிய கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு நம்மவர்கள் கப்பல் கப்பலாகக் கிளம்பியபோது, அம்மாவும் தம்பியைக் கூட்டிக்கொண்டு மதராசுக்குக் கப்பல் ஏறினாள். துறையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "உங்கப்பா என்ன அடிச்சதில்ல, ஏசினதில்ல. என்னப் பார்த்ததும் இல்ல." அம்மாவின் பெயர் தெரேசா. கடிதங்களில் அவள் அப்பாவைப் பற்றிக் குறையாக ஒரு வரி எழுதியதில்லை.

இனி டேப் விஷயம்.

அறுபத்தொன்றின் குளிர்காலத்தில் ரூபியின் ஒரு காட்சியை அப்பா தன் ஆம்பிளிஃபயரிலிருந்தே கம்பி எடுத்துப் பதிவு செய்தார். அவரிடம் ஒரு ஜெர்மன் டேப் ரெக்கார்டர் இருந்தது. அன்று கடைசிப் பாட்டில் ரூபி மாடி வரிசையிடம் பெயர் கேட்டாள். "சொல்லுங்க, உங்களப் பாட்டுல வைக்கிறேன்." அவர்கள் கத்தினார்கள். அவள் ஒவ்வொரு பெயரையும், அவரவர் ஊரோடும் வேலையோடும் மெட்டில் வைத்துப் பாடினாள். டாலாத் துறை படகுக்காரர். வாத்தியாரும் அவர் பள்ளிக்கூடத் தெருவும். போட்டாதாங் அவுங் ஷெய்ன். கடைசியில், "என் குரலைத் தூக்கிப் பிடிக்கிற சூசை." ஒவ்வொரு பெயருக்கும் மாடி சிரித்துக் கூவியது. எல்லாம் டேப்பில் விழுந்தது.

மறு வருடம் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. ராத்திரி கேளிக்கைகள் ஒவ்வொன்றாக நின்றன. தியேட்டரில் பாட்டு நின்றது. பிறகு ரேடியோவிலும் ரூபியைக் காணோம். மோல்மேன் பக்கம் தங்கை வீட்டில் இருக்கிறாள் என்றார்கள். செத்துப்போனாள் என்றும் சொன்னார்கள். இசைத்தட்டுகள் தேய்ந்தன. மிச்சம் அந்தச் சுருள்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் எங்கள் மாடிக்கு வருவார்கள். ஜன்னலைச் சாத்துவோம். நான் லபெயே போட்டுக் கொடுப்பேன். பாலூற்றிய தேநீருக்கு அங்கே அதுதான் பெயர். டேப் ஓடும். படகுக்காரருக்குப் பெரிய மீசை. அவர் தோளில் என் தாவணியைப் போட்டுக்கொண்டு ரூபி மாதிரித் திரும்புவார். மா ஷெய்ன் சொல்வார்: "ரூபி ஆவி வந்து பார்த்தா மீசைய மழிச்சுட்டுத்தான் போவா." வாத்தியார் மட்டும் ஆடமாட்டார். தன் பெயர் வரும் இடத்துக்குக் காத்திருப்பார். வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

ஏன் ரூபி, வேறு பாடகிகள் இல்லையா என்று மா ஷெய்னிடம் ஒருமுறை கேட்டேன்.

"மத்தவளுக அழுதுகிட்டே பாடுவாளுக" என்றார். "இவ அழுகைய வச்சுக்கிட்டு, அழாமப் பாடுவா. நாங்க தினமும் அப்படித்தானே வேலைக்குப் போறோம்."

அறுபத்தாறில், மழை முடிகிற சமயம், துறைமுகத் தொழிலாளர் கூட்டம் ஒன்றுக்கு மைக் செட் கொண்டுவரச் சொல்லி ஆள் வந்தது. அதிகாரியின் பேச்சைப் பதிவு செய்யவும் வேண்டும் என்றார்கள். அப்பா டேப் இல்லை என்றார். உண்மையும் அதுதான், அரசாங்கத்தின் 'மக்கள் கடை'களில் சோப்புக்கே வரிசை நின்ற காலம் அது. வந்தவன் சிரித்தான். "அப்போ சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எதைப் போட்டுக் கேக்கிறீங்க?"

மறுக்க முடியாது. அப்பா யோசித்தது இதுதான். அவருடைய மெஷின் டேப்பின் அகலத்தில் பாதியில்தான் பதியும். சுருளைத் திருப்பிப் போட்டால் மறுபாதியில் பதியும். ஒரு பாதியில் ரூபி. மறுபாதியில் எங்கள் கோயில் கிறிஸ்துமஸ் பாட்டு. கிறிஸ்துமஸ் பாட்டின் மேல் அதிகாரியைப் பதிந்தால் போதும். கூட்டம் முடிந்ததும் சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். பேச்சு வேண்டும்போது அவரையே கூப்பிட்டுப் போடச் சொல்வார்கள். மெஷின் அவரிடம்தானே இருக்கிறது.

போகும்போது சொன்னார்: "சாமி பாட்டு போவுது. ரூபி தப்பிச்சா." சந்தோஷமாகவே போனார்.

பேச்சு முடிந்ததும் அதிகாரி சுருளுக்குக் கை நீட்டினார். அவர்கள் அலுவலகத்தில் வெள்ளைக்காரன் காலத்து மெஷின் ஒன்று இருந்தது. அது அப்பாவுக்குத் தெரியாது. அந்தப் பழைய பெரிய மெஷின்கள் டேப்பின் முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் படிக்கும். பேச்சு நேராகக் கேட்கும். அதனடியில் மறுபாதியிலிருப்பது பின்னோக்கி ஓடும். கடைசிப் பாட்டு முதலில் வரும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் துறைமுகக் குழாய்களில் பேச்சைப் போட்டார்கள். கிரேனில் வேலை செய்த கருப்பையா கடைக்கு வந்து சொன்னார். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை அவருக்கு.

"பாப்பா, ஆபீசரு 'தோழர்களே'ங்கிறாரு. அடியில ஒருத்தி பேய் மாதிரி ஊளையிடுறா. அவரு 'உழைப்பு'ங்கிறாரு, ஒரு கூட்டமே கெக்கெக்கென்னு சிரிக்குது. சோத்தத் துப்பிட்டோம்."

அப்பா உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. ஆம்பிளிஃபயரின் சுவிட்சை அணைத்தார்.

அடுத்த நாள் காலை கூட்டிக்கொண்டு போனார்கள். பர்மியர்களின் தீபத் திருவிழாவுக்குத் தெருவில் விளக்குக் கட்டும்போதுதான் விட்டார்கள். என்ன நடந்தது என்பதை அப்பா துண்டு துண்டாகத்தான் சொன்னார். அந்தச் சத்தம் யாருடையது, என்ன பாஷை, சிரிப்பவர்கள் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அரசாங்கத்தைக் கேலி செய்ய வேண்டுமென்றே பதிந்ததாக நினைத்திருக்கிறார்கள். சுருளைத் திருப்பிப் போட்டால் அவள் நேராகப் பாடுவாள், பெயர் பெயராகச் சொல்வாள். அது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அப்பா ஒரே பதில் சொன்னார்: "பழைய சர்ச் பாட்டு. சரியா அழியல." கேட்டபோதெல்லாம் அதையே. அவர்கள் இரண்டு கையாலும் இரண்டு காதிலும் சேர்த்து அறைந்தார்கள். அதையும் கேட்டபோதெல்லாம்.

மைக் செட்டையும் ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டார்கள். சுருள் அலுவலக அலமாரியில் இருந்தது. அதன் அட்டையில் அவர் பெயர்.

அந்தப் பெயர்களில் பாதிப் பேர் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள். வாத்தியாருக்கு வேலை போனால் அதோடு நிற்காது. ஜன்னல் சாத்திய மாடியில் கூடும் ஆண்கள் கூட்டத்தை அந்தக் காலம் ரகசியச் சங்கம் என்றுதான் படிக்கும். சங்கம் இல்லையென்று நிரூபிக்கப் போனால், வெளியே வருவது அதைவிடக் கேவலமாகப் பார்க்கப்படும். அப்பாவுக்கு அதன்பிறகு ஒரே கவலை: யாராவது ஒருநாள் சுருளைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள்.

சனிக்கிழமைகள் நின்றன. அப்பா ரேடியோ பழுது பார்த்தார், காதுக்கு நான். மா ஷெய்ன் மட்டும் எப்போதாவது மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா வாங்கிக்கொண்டு வருவார். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, சத்தமில்லாமல், ரூபி கையசைக்கும் விதத்தைப் போட்டுக் காட்டுவார். விரல் மடிவதையும் தோள் சாய்வதையும் பார்த்து அப்பா எந்தப் பாட்டு என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறினால் மா ஷெய்ன் அவர் மண்டையில் ஒரு குட்டு வைப்பார். அப்பா சிரித்து நான் பார்த்தது அந்த நேரங்களில்தான். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. இருமல் நிற்கவில்லை.

இது நடந்து இரண்டு மழைக்காலம் போனது. அறுபத்தெட்டில் ஜாபர் வந்தார். அந்த அலுவலகத்தில் பியூன். அப்பாவோடு மிஷன் பள்ளியில் படித்தவர். மெஷின் கெட்டுவிட்டது, பழுது பார்க்க சூசையைக் கூப்பிடச் சொன்னார்கள், வியாழக்கிழமை காலை வர வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி என் காதில் சொன்னார், அப்பாவிடம் கத்திச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால்.

"புது ஆபீசர் பட்டாளத்துல ஒயர்லெஸ் சிக்னல் பிரிவுல இருந்தவர்மா. அலமாரியில உள்ள டேப்பெல்லாம் ரெண்டு பக்கமும் போட்டுக் கேக்கணும்னாரு. மெஷின் ஓடினதும் ஆரம்பிச்சிருவாரு."

எழுதிக் காட்டினேன். அப்பா படித்துவிட்டுக் கடையின் மூலையில் கிடந்த உடைந்த ஸ்பீக்கர் ஒன்றை எடுத்தார். காகிதக் கூம்பைக் கிழித்தார். பின்னால் இருந்த காந்தத்தைக் கழற்றினார். கனமான நல்ல காந்தம். டேப்பை ஒட்டி அதைச் சுற்றிக்கொண்டே இருந்தால் பதிந்ததெல்லாம் போய்விடும். ரூபியும் போவாள், அதிகாரியும் போவார். மெஷின் மோட்டாரின் கோளாறு என்று சொல்லிவிடலாம். பழுது பார்க்கிறவன் பையில் காந்தம் இருப்பதை யாரும் கேட்கமாட்டார்கள்.

புதன்கிழமை மா ஷெய்ன் வந்தார். அப்பா மேசையில் காந்தத்தைக் காட்டினார். மா ஷெய்னுக்குப் புரிய நேரமாகவில்லை. வலது காதருகே போய்க் கத்த வேண்டியிருந்தது. அதனால் ஜன்னலைச் சாத்தினேன்.

"அழிச்சிருவீங்களா?"

அப்பா தலையாட்டினார்.

"கோ சூசை, நாம வேற எங்கயும் இல்ல. எந்தப் படத்துலயும் இல்ல, எந்தக் கல்யாணப் பத்திரிகையிலயும் இல்ல. அதுல ஒண்ணுலதான் இருக்கோம்."

"அதனாலதான்" என்றார் அப்பா.

மா ஷெய்ன் காந்தத்தை மேசையில் தள்ளி வைத்தார். பிறகு, திருடிக்கொண்டு வர முடியாதா என்று கேட்டார். வாசலில் பையைச் சோதிப்பார்கள் என்றார் அப்பா. காந்தம் பையில் இருக்கலாம். சுருள் இருக்க முடியாது. வேறு வழி இருந்தால் சொல், செய்கிறேன் என்றார்.  போகும்போது மா ஷெய்ன் கதவருகே நின்று ரூபியின் கையை ஒருமுறை போட்டார். அப்பா பாட்டின் பெயரைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கூட வருகிறேன் என்றேன். பெண்ணைக் கண்டால் பேர் கேட்பார்கள், வேண்டாம் என்றார். ஸ்ட்ராண்ட் சாலையைத் தாண்டி, பஸ் நிறுத்தத்துக்கு வருமுன் விழுந்துவிட்டார். ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. இதயம் என்றார்கள். பையை என்னிடம் கொடுத்தார்கள். இடுக்கி, திருப்புளிகள், சோதனைக் கம்பி எல்லாம் காந்தத்தில் ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன.

அடக்கத்துக்கு மா ஷெய்ன், படகுக்காரர், வாத்தியார் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் பின்னால் நின்றார்கள். பங்குத்தந்தை உறவினர்கள் மண் போடலாம் என்றார். நான் போட்டேன். கருப்பையா போட்டார். ஹமீதுன்னிசா மாமிகூட ஒரு பிடி போட்டார். பின்னால் நின்ற மூவரும் வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மா ஷெய்ன் தலையை மெல்ல அசைத்தார், வேண்டாம் என்று.

திங்கட்கிழமை நான் பையோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். டெலிபோன் இலாகா அட்டையைக் காட்டினேன். வாசலில் இருந்தவன் அனுமதி சூசைராஜ் பெயருக்குத்தான் என்றான். இறந்துவிட்டார், நான் மகள், இதே வேலை தெரியும் என்றேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உங்கள் ஆட்கள் இன்னுமா இலாகாவில் இருக்கிறார்கள்?" என்று கேட்டான். மெஷினை வேறு ஆளிடம் அனுப்பியாயிற்று, இந்த வாரம் வந்துவிடும் என்றான். ஜாபர் உள்ளே வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் வரவில்லை. வர முடியாது.

அங்கிருந்து நேராக மா ஷெய்னிடம் போனேன். துறையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். அப்பா அங்கே போய்ச் சேரவேயில்லை, என்னையும் விடவில்லை, சுருள் அப்படியே இருக்கிறது என்றேன்.

முதலில் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம். அதை நான் பார்த்தேன். பிறகு ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "மத்தவங்ககிட்ட நான் சொல்றேன்" என்றார். அந்த வாரமே படகுக்காரர் டாலாவைவிட்டு ஆற்றில் கீழே எங்கோ போனார். வாத்தியார் மாவ்பியில் ஒரு உறவினர் தோட்டத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். மா ஷெய்ன் போகவில்லை. எங்கே போவது என்று கேட்டார்.

மூன்று மாதத்தில் எனக்கும் இலாகாவில் வேலை இல்லை என்றார்கள். நான் இப்போது மதராசில் அம்மாவோடு இருக்கிறேன். இதில் அப்பாவின் பெயரையும் எங்கள் பெயர்களையும் தவிர மற்றவற்றை மாற்றியிருக்கிறேன். பாடகியின் பெயரையும், மாடி வரிசைக்காரர்கள் செய்த வேலைகளையும். ரங்கூனிலிருந்து கடிதங்கள் வருவதில்லை. புது அதிகாரி எந்த அலமாரியிலிருந்து தொடங்கினார், எவ்வளவு கேட்டார் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

அப்பா ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டவர் இல்லை. ஹமீதுன்னிசா மாமியின் ரேடியோ அவர் போன பிறகும் சரியான எண்ணில் பாடியது. செய்யாமல் போனது ஒன்றுதான். வியாழக்கிழமை காலை அந்த அலுவலகத்துக்குப் போய், அலமாரியைத் திறந்து, தன் பெயர் எழுதிய சுருளை எடுத்து, அவளையும் அவர்களையும் தன்னையும் அழித்துவிட்டு வருவது.